ஒரு முறம் தவிடு

"எனக்குப் பிள்ள கிடையாது" என்று என்னைப் பெற்றவள் சொன்னபோது நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் காப்பித் தட்டோடு.

கேட்டது சென்னையிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிப் பெண். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள். பதிலைக் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை கேட்டாள்.

"மொத்தம் எத்தனை குழந்தைங்க பிறந்தாங்கம்மா?"

"நாலு. நாலும் போயிட்டு."

"அப்போ மேடம்?" என்று என்னைக் காட்டினாள்.

"அவளா? அவ பக்கத்து வீட்டுப் பிள்ள" என்றாள் என்னைப் பெற்ற மகராசி, தட்டிலிருந்து காப்பியை எடுத்துக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! ஐம்பத்து மூன்று வயது எனக்கு. கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவி. நான் வருகிறேன் என்றால் மாணவிகள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் பிறந்த வீட்டுக் குசினி வாசலில் அநாதையாக நின்றேன். அவளுடைய மூக்கு அப்படியே என் முகத்தில் இருக்கிறது. அவளுடைய முன்கோபம் அப்படியே என் நாக்கில் இருக்கிறது. கண் உள்ளவர்கள் யாரும் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது.

பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனோம். அங்கே இருப்பவள் ஒரு தையல்காரி. அவளும் எழுபத்தைந்தைத் தொட்டவள். ஆனாலும் பள்ளிக்கூடம் திறக்கும் காலம் வந்தால் சீருடைச் சட்டைகளை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு காஜா போட்டுக்கொண்டிருப்பாள். அவளிடமும் அதே கேள்வி.

"ஒண்ணு" என்றாள் யோசிக்காமல். ஊசியாலேயே என்னைக் காட்டினாள். "இந்தா நிக்காள்லா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. இவதான்."

ஆராய்ச்சிப் பெண் லேப்டாப்பில் தட்டிக்கொண்டாள். பெற்றவளுக்குப் பூஜ்யம், தையல்காரிக்கு ஒன்று. தையல்காரிதான் எங்களை வழியனுப்பும்போது சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பெத்தவளுக்கு ஒண்ணுமில்லியாம், தச்சவளுக்கு ஒண்ணாம். நல்ல கணக்குத்தான் எடுக்கியோ போங்க."

விஷயம் இதுதான். நான் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. எங்கள் பக்கத்து வயசாளிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருத்திக்குப் பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தால், சாவுக்கு அந்த வீட்டு வழி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த பிள்ளையை அவள் தன் பிள்ளையாக வைத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த சூட்டோடு ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொருத்தியிடம் விற்றுவிட வேண்டும். வாங்குகிறவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது என் பிள்ள, பால் குடுத்து வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே கொண்டுவந்து விடுவாள். மாட்டுக்குப் போடுகிற தவிட்டுக்கு விலைபோன பிள்ளையைச் சாவு சீந்தாது என்பது நம்பிக்கை. கோயிலும் செபமாலையுமாக இருக்கிற எங்கள் தெருவில் இதைச் சாமியாருக்குத் தெரியாமல் செய்வார்கள். சாமியாருக்குத் தெரியாமல்தான் இருந்ததா என்பது வேறு விஷயம்.

மற்ற வீடுகளில் பிள்ளை எழுந்து நடந்ததும் இதையெல்லாம் மறந்துவிடுவார்கள். என்னைப் பெற்றவள் மறக்கிற ஆளா? விற்றது விற்றதுதான் என்று நின்றாள். அவளை நான் "அம்மா" என்று கூப்பிடவே கூடாது. "அக்கா" என்று பழக்கினாள். அவள் அக்கா என்றால் என் அப்பா யார்? அத்தான். மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய மனுஷர், நான் தெருமுனையில் நின்று "அத்தான்" என்று கத்தும்போதெல்லாம் காது கேளாதவர் மாதிரி நடப்பார். பாவம், அப்படியே போய்ச் சேர்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தையல்காரியைத்தான் நான் "அம்மா" என்றேன். அவள் புருஷன் கொழும்புக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அவளுக்கு வேறு பிள்ளை கிடையாது. சோறும் அடியும் அக்காவிடம், சட்டையும் செல்லமும் அம்மாவிடம் என்று வளர்ந்தேன். ஆகவே இனிமேல் நான் அக்கா என்றால் என்னைப் பெற்றவள், அம்மா என்றால் தையல்காரி. எனக்கு இது ஐம்பது வருடப் பழக்கம். உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருகிறேன். முன்னொரு காலத்து மனிதர்களில் யாருடைய வம்சம் தழைத்தது, யாருடையது நின்றுபோனது என்று தலைமுறை தலைமுறையாக அளந்து பார்ப்பது. இதற்கு எலும்பு தோண்ட வேண்டாம். கடற்கரைக் கோயில்களில் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் கலியாணத்தைக் கண்டுபிடித்து, அவள் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பிறகு அடக்கப் பதிவுக்குப் போய், அந்தப் பிள்ளைகளில் யார் யார் அங்கே வந்துவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். மிஞ்சியவர்களின் கலியாணம், அவர்களின் பிள்ளைகள் என்று பின்தொடர வேண்டும். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு நேராக ஓர் எண் வந்து நிற்கும். அவள் பெற்றதில் எத்தனை பேர் தாங்களும் பெற்றெடுக்கும் வயதுக்கு வந்தார்கள் என்பதுதான் அந்த எண். எங்கள் பாடத்தில் அதற்குத் "தகுதி" என்று பெயர்.

நான் வருடக்கணக்காக அதை வகுப்பில் நடத்தியவள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று முத்துச்சிப்பியை வைத்துத்தான் நடத்துவேன். ஒரு சிப்பி இலட்சக்கணக்கில் முட்டை விடும், கடலடிப் பாறைத்திட்டான பாரில் ஒட்டி வளர்வது கொஞ்சமே கொஞ்சம், அதனால் முட்டையை எண்ணாதே, வளர்ந்ததை எண்ணு. எழுதிக்கோ, அடுத்த பாடம். இவ்வளவுதான். சிப்பிக்கு அழத் தெரியாதது எவ்வளவு வசதி என்று பதிவேட்டைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பழைய கையெழுத்து சென்னைப் பெண்ணுக்குப் பிடிபடாது. அதனால் நான் வாசிக்க, அவள் தட்டுவாள். கோயிலின் பங்கு அலுவலகத்துப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஒரே தாய்க்கு ஞானஸ்நானம், அடக்கம், ஞானஸ்நானம், அடக்கம் என்று மாறி மாறி வரும். சில பிள்ளைகளுக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இருக்காது. ஒரு நாள் அப்படி ஒருத்தியை வாசித்துக்கொண்டே வந்தவள், ஐந்தாவது அடக்கத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். கண்ணில் தூசி என்றெல்லாம் பொய் சொல்லவில்லை, அழுதேன். அந்தப் பெண்ணும் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நல்ல பிள்ளை. திரும்பி உள்ளே போனதும் அவளிடம் சொன்னேன்: "இவளுக்கு நேரா தகுதி பூஜ்யம்னு நீ எழுதலாம்மா, அது உன் படிப்பு. எங்க தெருவுல வந்து அந்த வார்த்தையச் சொல்லிராத. விளக்கமாறு பறந்து வரும்." அவள் பயந்தே போனாள்.

பதிவேட்டில் இருப்பதெல்லாம் ஊரில் இருந்தவர்கள் கணக்குத்தான். கொழும்புக்கும் மும்பைக்கும் போனவர்கள் நடுவில் காணாமல் போய்விடுவார்கள். அதனால் கடைசித் தலைமுறையை மட்டும் உயிரோடு இருக்கிறவர்களிடமே நேரில் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று அவள் திட்டம். கொஞ்சம் வீடுகளை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தாள். "எங்க வீட்டுக்கும் வா" என்று நான்தான் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மறுநாள் பின்னறையில் அவள் என் ஞானஸ்நானப் பதிவை எடுத்து வைத்திருந்தாள். தாய் என்ற இடத்தில் அக்கா. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத்தாய் என்ற இடத்தில் அம்மா. சாமியார் பாவம், ஒளிவுமறைவில்லாமல் உள்ளதை எழுதியிருந்தார்.

"மேம், ரெஜிஸ்டர் சரியா இருக்கு. அவங்கதான்..." என்று இழுத்தாள்.

தவிட்டுக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டே தன் அட்டவணையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள்.

"மேம், அப்போ அதிகமா இழந்தவங்கதான் நம்மகிட்ட பூஜ்யம்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

அந்தப் பெண்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான். எனக்கு அதுவரை என் கோபம் மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் முடித்த வீடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். "பிள்ளை இல்லை" என்று சொன்ன சிலருக்குப் பதிவேட்டில் பிள்ளை இருந்தது. அந்த வீடுகளுக்குத் திரும்பப் போனோம். இந்தத் தடவை எத்தனை என்று கேட்கவில்லை. "யாருக்கு வித்திய?" என்று நான் கேட்டேன். அவ்வளவுதான், பொக்கை வாயெல்லாம் திறந்துவிட்டது. ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "கள்ளி, உனக்கெப்படித் தெரியும்?" என்றாள். வாசலில் மீன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரிய ஆம்பிளையைக் கண்ணால் மட்டும் காட்டினாள். தன் பிள்ளை என்று வாயால் சொல்லவில்லை.

சென்னைப் பெண் தன் அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: வாங்கியது யார் என்று. பழைய பதிவேடுகளுக்கும் அதைக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்தோம். அங்கே ஒருத்தி அகப்பட்டாள். கலியாணம் இருக்கிறது, அடக்கம் இருக்கிறது, நடுவில் ஒரு பிள்ளையும் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடு எதுவானாலும், அடுத்த ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் என்று இவள்தான் நிற்கிறாள். தவிட்டுக்கு வாங்கியவளாக இருக்கலாம், சும்மா நல்ல மனசுக்காரியாகவும் இருக்கலாம், நிரூபிக்க முடியாது மேம் என்றாள் அந்தப் பெண். சரிதான். நான் வீட்டுக்கு வரும் வழியில் இனிப்புக்கடையில் அம்மாவுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் அக்காவோடு சண்டை.

"உன் பேருக்கு நேரா ஒண்ணுன்னு மாத்தப் போறேன்" என்றேன்.

"மாத்தினே, இந்த வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

"அக்கா, எனக்குத் தலை நரச்சாச்சு. இன்னும் என்ன பயம்? சாவு வந்து கம்ப்யூட்டரத் திறந்து பாக்குமா?"

"அதுக்கு எதுளா தெரியாது? நாலு தடவயும் அட்ரஸ் கேக்காமத்தான வந்துது."

அவள் நம்புகிறாளா இல்லையா என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. நான் பிழைத்துக் கிடக்கிறேன், அவளுக்கு அது போதும். எது காப்பாற்றியது என்று தெரியாதபோது எதையும் மாற்றக் கூடாது என்பது அவள் கொள்கை. யோசித்தால் ஆய்வுக்கூடத்தில் நானும் மாணவிகளுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. பெற்றவளை ஒரே ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட வேண்டும். அவளுக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது. எனக்கு வேறொன்றும் வேண்டாம், அவள் கண் மூடுவதற்குள் அது ஒன்று வேண்டும். பொம்பளைப் பிள்ளைகள் கலியாணத்தன்று கோயில் வாசலில் "அம்மா" என்று அழுவார்கள். நான் "அக்கா" என்று அழுதேன். மாப்பிள்ளை வீட்டார், தாயில்லாப் பிள்ளை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டார்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் வீங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நான் லீவு போட்டுவிட்டு முன்னறையில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன். அம்மா தன் தையல் மெஷினைக்கூட இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "அங்கன ஒத்தைல இருந்து என்ன செய்ய? இங்கன இருந்து இவ வாயக் கேட்டுக்கிட்டே தச்சா நேரம் போகும்" என்றாள். இரண்டு பேரும் பழைய சண்டைகளையெல்லாம் புதுசாகப் போட்டார்கள்.

ஒரு நாள் நான் குசினியில் நின்று அழுததை அம்மா பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்டாள். அக்காவை ஒரு தடவையாவது "அம்மா" என்று கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோட்டிக்காரி, இதுக்கா அழுத? வித்தத வாங்கிட்டாப் போச்சு."

அன்றைக்கே மாட்டுத்தீவனக் கடைக்குப் போய்விட்டாள். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து அவளே நடித்துக் காட்டினாள். ஒரு முறம் தவிடு வேண்டும் என்றாளாம். கடைக்கார அண்ணாச்சி, மூட்டையாகத்தான் வரும், மாடு எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்றாராம். "ஒரே ஒரு மாடு அண்ணாச்சி. வயசு அம்பத்தி மூணு. முட்டும்" என்றாளாம். அண்ணாச்சி பயந்துபோய் அளந்தே கொடுத்துவிட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஆக்சிஜன் மெஷினைக் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

பிளாஸ்டிக் முறத்தில் தவிட்டைக் கொட்டி, அக்காவின் கையெட்டும் தூரத்தில் கட்டிலில் வைத்தாள் அம்மா.

"இந்தா. உன்னால கடைக்குப் போக முடியாதுன்னுட்டு உன் தவிட்டையும் நானே வாங்கியாந்துட்டேன். இத எங்கிட்டக் குடுத்துட்டு உன் பிள்ளய நீ எடுத்துக்கோ."

விற்கிறவளே கைமுதலையும் கொண்டுவந்த வியாபாரம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். அக்கா தவிட்டைப் பார்த்தாள். கையை நீட்டப் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"ஏன்?"

"பேரன் கடல்ல கெடக்கான்லா. அவன் கரையேறட்டும்."

என் மகன் கப்பலில் எஞ்சினியர். அப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ வந்துகொண்டிருந்தான். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. அவன் கப்பலுக்குப் போனதிலிருந்து அக்காவுக்குக் காற்றடித்தாலும் தூக்கம் கிடையாது. விற்ற பிள்ளையைத் திரும்ப வாங்குகிற நேரத்தில், அந்தப் பிள்ளையின் பிள்ளை தண்ணீரில் இருந்தால்? அவள் மனசு அங்கே போய் நின்றது. நான் எவ்வளவோ சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில் கத்தியும்விட்டேன். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவளிடம் கத்துகிறோமே என்ற வெட்கத்தில் பிறகு நானே உட்கார்ந்து கால் பிடித்துவிட்டேன். அவள் என் தலையைத் தடவினாள்.

தவிடு கட்டிலுக்கு அடியில் போயிற்று, மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடி. எறும்பு வராமல் இருக்க முறத்தைச் சுற்றி அம்மா மஞ்சள்தூளைத் தூவினாள். மகன் போன் செய்யும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்: "கரை தெரியுதா ராசா?" அவனும் முதலில் விளையாட்டாகப் பதில் சொன்னான். அவள் குரல் இறங்கிக்கொண்டே போனதைக் கேட்டவன், கம்பெனியில் மன்றாடிச் சீக்கிரமே இறங்க ஏற்பாடு செய்தான். அதற்குள் அக்கா கஞ்சியைக்கூட நாலைந்து கரண்டிக்கு மேல் வேண்டாம் என்றாள். கால் வீங்கிவிட்டது. ஒவ்வொரு காலையிலும் கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதைத்தான்.

அவன் வந்துவிட்டான். விமானத்தில் சென்னை, அங்கிருந்து ரயில். ஸ்டேஷனிலிருந்து பையோடு நேரே கட்டிலுக்கு வந்தான். அக்கா அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். எல்லாம் சரியாக வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி காதைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ம். எடு தவிட்ட" என்றாள்.

முறத்தைக் கட்டிலில் வைத்தோம். அக்கா இரண்டு கையாலும் அதை அம்மாவின் பக்கம் தள்ளினாள். தள்ள முடியவில்லை, கொஞ்சம்தான் நகர்ந்தது. மீதியை அம்மா தானே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கிட்டேன்" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "அந்த மெட்ராஸ் பிள்ளகிட்டச் சொல்லு. எனக்கு ஒண்ணுன்னு எழுதிக்கிடட்டும்" என்றாள்.

என் நெஞ்சு அப்படியே நிறைந்துவிட்டது. அம்மா கேலியாக, "அப்ப எனக்கு?" என்றாள்.

"உனக்குத் தவிடு."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் முறத்தை மடியிலிருந்து இறக்காமல், தவிட்டை விரலால் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. கடைக்குப் போனது அவள், அளந்து வாங்கியது அவள், தூக்கிச் சுமந்து வந்தது அவள். யோசிக்காமல் "ஒண்ணு" என்று சொன்னவளும் அவள்தான். எனக்கு என் ஆசை பெரிதாகப் போயிற்று. அவள் எதைக் கொடுக்கிறாள் என்று அந்த நிமிஷம் வரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் கூப்பிட வரவில்லை. வெட்கமாக இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்க்கிற மாதிரி இருந்தது. மகன் குளிக்கப் போனான். அம்மா முறத்தை வைத்துவிட்டு, அவன் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைக்க ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். அக்கா மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். செபமாலை மணிகள் விரலில் உருண்டுகொண்டிருந்தன. நான் குசினிக்குப் போய்க் கஞ்சியைச் சுடவைத்தேன். கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து நின்றேன். அங்கிருந்து கூப்பிட்டேன்.

"அம்மா."

"என்னளா?" என்றாள் ஜன்னல் பக்கம் இருந்தவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கட்டிலில் இருந்தவள் திரும்பவில்லை. காது கேட்காமல் இல்லை. தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மணிகள் நிற்காமல் உருண்டன.

அம்மாவின் ஊசி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தவள், சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. என் கையில் கிண்ணம் சுட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றேன்.

டக்கென்று திரும்பினாள்.